பீரங்கியா, தோட்டாவா, பூட்ஸா?
(இராணுவ பட்ஜெட் படிக்க ஒரு பாடம்)

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்



"கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே ஒரு மூட்டை வந்து கிடக்கு" என்று மலர்க்குழுவினர் கையெடுத்துக் கும்பிட்டதால் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்ட விஷயம் நம் நாட்டு இராணுவத்தின் பட்ஜெட். "நமக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆள்சேர்ப்பு முகாமை மனதில் வைத்து 1600 மீட்டர் ஓடிப் பழகுகிறவர்களில் நம் வகுப்புத் தோழர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் சம்பந்தம்.

பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வந்ததும் மறுநாள் பேப்பரில் "பாதுகாப்புக்கு இத்தனை லட்சம் கோடி" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். சிலர் பெருமைப்படுவார்கள், சிலர் "இவ்வளவா?" என்று முணுமுணுப்பார்கள். அந்தத் தொகை எப்படிப் பிரிகிறது என்று உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. விஷயமே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. வாருங்கள், படிப்போம்.

நூறு ரூபாய் நோட்டு

2024-25 நிதியாண்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கிய தொகை சுமார் 6,21,940 கோடி ரூபாய். முப்படைகளுக்கும் சேர்த்துத்தான். இவ்வளவு பெரிய எண் நம் மண்டையில் ஏறாது. ஆகவே அதை ஒரு நூறு ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்வோம்.

பணியில் இருப்பவர்களின் சம்பளமும் படிகளும் 30 ரூபாய் 66 காசு. ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் 22 ரூபாய் 70 காசு. ஆக, பாதிக்கும் மேலே மனிதர்களுக்கே போய்விட்டது. விமானம், கப்பல், பீரங்கி, டாங்கி என்று புதிதாக வாங்குவதற்கான மூலதனச் செலவு 27 ரூபாய் 66 காசு. அமைச்சகத்தின் சிவில் அமைப்புகளுக்கு நாலு ரூபாய் சொச்சம். மீதி எவ்வளவு என்று பாருங்கள். 14 ரூபாய் 82 காசு! தோட்டா, ஸ்பேர் பார்ட்ஸ், ரிப்பேர், டீசல், ரேஷன், உடுப்பு, பூட்ஸ் எல்லாம் இந்தப் பதினைந்து ரூபாய்க்குள் அடங்கியாக வேண்டும். இதற்குப் பட்ஜெட் பாஷையில் "பராமரிப்பும் போர்த் தயார்நிலையும்" என்று பெயர்.

கட்டுரை முழுக்க நான் பேசப்போவது இந்த 14 ரூபாய் 82 காசைப் பற்றித்தான். ஏனென்றால் பணம் போதாத வருஷத்தில் கத்தரிக்கோல் முதலில் விழுவது இங்கேதான்.

ஏன்? யோசித்துப் பாருங்கள். சம்பளத்தை ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா? முடியாது. பென்ஷனை? அதுவும் முடியாது. புது ஆயுதத்துக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று என்றால் தவணையைக் கட்டித்தான் தீர வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி "இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றால் கேட்டுக்கொள்ளுமா? தோட்டாக் கிடங்கு பாதி காலியாக இருந்தால் மட்டும் சண்டை வரும்வரை ஒருவருக்கும் தெரியாது. கிடங்குக்கு ரிப்பன் வெட்டவும் யாரும் வரமாட்டார்கள்.

நமக்குப் புரிகிற உதாரணம் சொல்கிறேன். நான் பயிற்சிக்குப் போன ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) புத்தம்புது சி.என்.சி. மெஷின் ஒன்று வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோ எல்லாம் எடுத்தார்கள். மூன்றாவது மாதம் இன்செர்ட் தீர்ந்துபோயிற்று. கூலண்ட் வாங்கவும் அனுமதி வரவில்லை. லட்சக்கணக்கில் விலை கொடுத்த மெஷின் துணி போர்த்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருபது வருஷத்துப் பழைய லேத் மட்டும் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் வாங்க ஒரு தலைப்பில் பணம், இன்செர்ட் வாங்க வேறொரு தலைப்பில் பணம். இரண்டாவது தலைப்புக்காக வாதாட அந்தக் கம்பெனியில் ஆள் இல்லை. இராணுவத்தின் கதையும் ஏறத்தாழ இதுவேதான், அளவு மட்டும் பெரிது.

2018-ல் வெளிவந்த கணக்கு

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கை வெளியானது. அன்றைய இராணுவத் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் குழுவின் முன்பு சொன்னது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. இராணுவத்தின் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் நடப்புக் காலத்தவை, அதிநவீனமானவை வெறும் 8 சதவீதம். சாதாரணமாக ஒரு நல்ல படையில் இந்த மூன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டுமாம்.

அவர் சொன்ன இன்னொரு கணக்குதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2018-19-ல் இராணுவத்தின் நவீனமயமாக்கலுக்குக் கிடைத்தது 21,338 கோடி. ஏற்கெனவே கையெழுத்தான 125 திட்டங்களுக்கும் அவசரக் கொள்முதலுக்கும் அந்த வருஷம் கட்ட வேண்டியிருந்தது 29,033 கோடி! பழைய தவணையே கட்ட முடியாத வீட்டில் புது பிரிட்ஜ் பற்றிப் பேச்சு எங்கே வரும்?

முப்படைகளில் இராணுவம்தான் ஆள்பலம் மிகுந்தது. 12 லட்சம் பேருக்கு மேல். விமானப்படையில் செலவு இயந்திரத்தைச் சுற்றி ஓடும், தரைப்படையில் மனிதனைச் சுற்றி ஓடும். ஆகவே இந்த நெருக்கடி தரைப்படைக்கே அதிகம்.

பத்து நாள் தோட்டா

நாற்பது நாள் கடும் போர் நடந்தால் எவ்வளவு தேவையோ அவ்வளவு வெடிமருந்து கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது இராணுவத்தின் விதி. குறைந்தபட்சமாக இருபது நாளுக்காவது இருக்க வேண்டும். பத்து நாளுக்கும் கீழே போனால் அபாய நிலை.

சி.ஏ.ஜி. எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2015-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். 2013 மார்ச் நிலவரப்படி வெடிமருந்து வகைகளில் பாதி பத்து நாளுக்கும் கீழே இருந்தன. 2017-ல் மறுபடியும் அறிக்கை வந்தது. 2016 செப்டம்பரில் கணக்கெடுத்த 152 வகைகளில் 61 வகைகள் அப்போதும் பத்து நாளுக்குக் கீழேதான். நாற்பது நாள் விதியைத் தொட்டவை 31 வகைகள் மட்டும்.

அதே 2016 செப்டம்பரில்தான் காஷ்மீரின் உரி முகாம் தாக்கப்பட்டது. அதன் பிறகு அவசர அவசரமாகக் கொள்முதல் நடந்தது. துணைத் தளபதிக்கு நேரடியாக வாங்கும் அதிகாரமும் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் அவசரக் கொள்முதல் என்றால் என்ன அர்த்தம் என்று ஸ்டோர்ஸ் அனுபவம் உள்ளவர்களைக் கேளுங்கள். பேரம் பேச நேரம் இருக்காது, விற்கிறவன் சொன்னதுதான் விலை. நிதானமாக வருஷம் முழுக்க வாங்கியிருந்தால் குறைந்த விலையில் வந்திருக்கும். மிச்சம் பிடிக்கப்போய்க் கூடுதலாகச் செலவழிக்கிற வித்தை இது!

இந்தக் கையிருப்பில் கைவைத்த இன்னொரு கதையும் உண்டு. 2013-ல் சீன எல்லைக்கென்று 17-வது கோர் என்ற மலைத் தாக்குதல் படையைத் தொடங்க அனுமதி கிடைத்தது. சுமார் 90,000 வீரர்கள், சுமார் 65,000 கோடி ரூபாய் திட்டம். ஆனால் கூடுதல் பணம் போதிய அளவில் வரவில்லை. புதுப் படைக்கான தளவாடங்களைப் போர்க்கால ஒதுக்குக் கையிருப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். நாடாளுமன்றக் குழு இதைச் சுட்டிக்காட்டிக் கடிந்துகொண்டது. கடைசியில் திட்டமும் முழுசாக நிறைவேறாமல் பாதியிலேயே நின்றது. காகிதத்தில் ஒரு படை கூடியது, கிடங்கில் சரக்கு குறைந்தது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது. வியட்நாம் போருக்குப் பிறகு பட்ஜெட் சுருங்கிய நிலையில், 1980-ல் அந்நாட்டு இராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் எட்வர்ட் மேயர் தம் படையை "உள்ளே கூடாய்ப்போன இராணுவம்" என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் வர்ணித்தார். டிவிஷன்களின் எண்ணிக்கை அப்படியே இருந்தது, அவற்றை நிரப்ப ஆள்தான் இல்லை. ஒரு தளபதி பதவியில் இருந்துகொண்டே இதைச் சொன்னது பெரிய விஷயம்.

பூட்ஸ் கணக்கு

"வீரர் நலன்" என்றதும் நமக்கு உடனே கேண்டீன் நினைவுக்கு வரும். சித்தப்பா லீவில் வரும்போது கொண்டுவரும் சோப்பும் ஹார்லிக்ஸும் நினைவுக்கு வரும். அதெல்லாம் சரி. ஆனால் நலனைத் தனிக் கணக்காகவும் தயார்நிலையைத் தனிக் கணக்காகவும் பிரித்துப் பேசுவதிலேயே எனக்கு உடன்பாடில்லை. பனிமலையில் நிற்பவனுக்கு பூட்ஸ் என்பது நலனா, தயார்நிலையா? நீங்களே சொல்லுங்கள்.

1962-ல் சீனப் படையை எதிர்த்து நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற நம் ஜவான்களுக்குப் பருத்தி உடுப்பும் கேன்வாஸ் ஷூவும்தான் இருந்தன. இமயமலைக் குளிரில்! கையில் பழைய .303 ரைபிள். ஒவ்வொருவனிடமும் கொஞ்சம் தோட்டா. அந்தத் தோல்விக்கு அரசியல் காரணங்கள் ஆயிரம் உண்டு. ஆனால் விரல் விறைத்தவன் டிரிக்கரை எப்படி அழுத்துவான் என்ற கேள்வியை எந்தக் காரணமும் மறைத்துவிட முடியாது.

"அது அந்தக் காலம்" என்பீர்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை சியாச்சின், லடாக் போன்ற உயரமான இடங்களுக்குப் போன உடுப்புகளைத் தணிக்கை செய்தது. 2015-16 முதல் 2017-18 வரையான கணக்கு. பனிக்கண்ணாடியில் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல்பயன் பூட்ஸ் வழங்கப்படவே இல்லை. ஏற்கெனவே போட்டுத் தேய்ந்ததைச் சரிசெய்து மறுபடி உபயோகித்திருக்கிறார்கள். சிறப்பு ரேஷனில் ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்று கொடுத்ததில் கலோரி 82 சதவீதம் வரை அடிபட்டிருக்கிறது.

அந்த இடைப்பட்ட காலத்தில், 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின் மீது பனிச்சரிவு விழுந்தது. அங்கே இருந்தவர்கள் மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர். பெரும்பாலும் நம் தென்னாட்டுப் பிள்ளைகள், தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் டெல்லி மருத்துவமனையில் காலமானார். பனிச்சரிவை பூட்ஸோ கண்ணாடியோ தடுத்துவிடாது. இரண்டையும் நான் முடிச்சுப்போடவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் பூட்ஸ், கத்தரிப்பு விழும் தலைப்பில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

குண்டு துளைக்காத ஜாக்கெட் விஷயம் இன்னும் வேடிக்கை. 2009-ல் அனுமதி கிடைத்தது. பரிசோதனை, நிராகரிப்பு, மறுபடி டெண்டர் என்று வருஷங்கள் ஓடின. 2016-ல் தற்காலிகமாக 50,000 ஜாக்கெட் வாங்கினார்கள். முழு ஒப்பந்தம் 2018 ஏப்ரலில்தான் கையெழுத்தானது. 1,86,138 ஜாக்கெட், 639 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒன்று ஏறக்குறைய 34,300 ரூபாய். இராணுவத்துக்கு ஆறு அப்பாச்சி ஹெலிகாப்டர் வாங்க 2017-ல் ஒப்புதல் தந்த தொகை 4,168 கோடி. ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான தொகைக்கு ஏன் ஒன்பது வருஷம் ஆனது என்பதுதான் என் கேள்வி. பணப் பஞ்சம் என்று மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அலமாரியில் தூங்கிய வரைபடங்கள்

இனி நம் துறைக்காரர்களுக்குப் பிடித்தமான பகுதி.

1986 மார்ச் 24-ல் சுவீடன் நாட்டு போஃபர்ஸ் நிறுவனத்திடமிருந்து 155 மி.மீ. பீரங்கிகள் 410 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். தொகை சுமார் 1,437 கோடி. அடுத்த வருஷம் சுவீடன் வானொலி லஞ்சச் செய்தியை வெளியிட்டது. அதன் பிறகு நடந்த அரசியல் நமக்குத் தெரியும். நமக்கு வேண்டியது அதன் பொறியியல் பக்கம். நிறுவனத்தோடு உறவு முறிந்ததால் ஸ்பேர் வருவது சிக்கலானது. ஒரு பீரங்கியைப் பிரித்து இன்னொன்றுக்கு மாட்ட வேண்டிய நிலை வந்தது. ஊழல் பயத்தில் எந்த அதிகாரியும் புதுப் பீரங்கிக் கோப்பில் கையெழுத்துப் போடத் துணியவில்லை. அடுத்து நம் இராணுவத்துக்கு வெளியிலிருந்து புது 155 மி.மீ. பீரங்கி வந்தது எப்போது தெரியுமா? 2017 மே மாதம், அமெரிக்காவின் எம்-777. முப்பது வருஷம்!

நடுவில் 1999 கார்கில். அந்தப் போரில் நம் பீரங்கிப் படை சுமார் இரண்டரை லட்சம் குண்டுகளும் ராக்கெட்டுகளும் சுட்டிருக்கிறது. மலை உச்சிப் பங்கர்களை உடைத்ததில் பெரும்பங்கு அதே போஃபர்ஸுக்கு. அன்றைய தலைமைத் தளபதி ஜெனரல் வி.பி. மாலிக், "எங்களிடம் இருப்பதை வைத்துப் போரிடுவோம்" என்ற பொருள்படச் சொன்னதை அப்போதைய பத்திரிகைகள் வீர வசனமாகப் போட்டன. எனக்கென்னவோ அதில் வீரத்தைவிட ஸ்டோர்ஸ் கணக்குதான் அதிகமாகக் கேட்கிறது.

கதை இன்னும் முடியவில்லை. 1986 ஒப்பந்தத்திலேயே பீரங்கியை இங்கே தயாரிப்பதற்கான தொழில்நுட்ப மாற்றம் உண்டு. டிராயிங்குகளும் ஆவணங்களும் கைக்கு வந்துவிட்டன. பல்லாயிரம் பக்கம். அவை அப்படியே கிடந்தன. பல வருஷம் கழித்து ஜபல்பூர் பீரங்கித் தொழிற்சாலைக்காரர்கள் அவற்றைத் தூசி தட்டி எடுத்து, குழாயின் நீளத்தைக் கூட்டி, "தனுஷ்" என்ற பீரங்கியைச் செய்தார்கள். முதல் ஆறு தனுஷ் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது 2019 ஏப்ரலில். டிராயிங் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தும், படி என்று சொல்ல ஆள் இல்லாமல் போன வருஷங்கள் எத்தனை! நவீனமயமாக்கல் என்றால் வெளியே போய் வாங்குவது என்றே நாம் நினைக்கிறோம். கையில் இருப்பதைச் செம்மைப்படுத்தும் வேலைக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு, அதற்குத் தேவைப்படுவது நம்மைப் போன்றவர்களின் உழைப்பு. ஆவடி டாங்கித் தொழிற்சாலையும், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் நம் வீட்டு வாசலில்தான் இருக்கின்றன.

என் சித்தப்பா இராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் டாங்கி மெக்கானிக். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். "டாங்கி டீசல்லயா ஓடுது? ஏர் பில்டர்ல ஓடுதுடா" என்பார். ராஜஸ்தான் பாலைவனத்தில் தூசி அப்படி. பில்டரும் டிராக் பின்னும் நேரத்துக்கு வந்தால் பழைய டாங்கி சண்டைக்குத் தயார். வராவிட்டால் புது டாங்கியும் ஷெட்டில் நிற்கும். நூறு டாங்கி இருக்கிறது என்று கணக்குக் காட்டுவது ஒன்று, காலையில் சாவி போட்டால் எத்தனை கிளம்பும் என்பது வேறொன்று என்று அவர் அடிக்கடி சொல்வார். பட்ஜெட் புத்தகத்தில் முதல் எண்தான் வரும்.

நான்கு வருஷச் சிப்பாய்

சரி, பெரிய பங்கு மனிதர்களுக்குப் போகிறதே, அங்கே குறைக்கக் கூடாதா? அரசாங்கமும் அதைத்தான் யோசித்தது.

2015-ல் "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" திட்டம் அறிவிக்கப்பட்டது. நியாயமான கோரிக்கை, பல பத்தாண்டுகளாகக் கேட்டது. ஆனால் பென்ஷன் பில் ஏறிக்கொண்டே போனது. 2020-21 பட்ஜெட்டில் பாதுகாப்பு பென்ஷன் சுமார் 1,33,800 கோடி. அதே வருஷம் மூலதனச் செலவு சுமார் 1,13,700 கோடி. வாங்கும் ஆயுதத்தைவிட ஓய்வூதியம் அதிகம்!

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. முன்பெல்லாம் சிப்பாய் ஏழு வருஷம் பணியாற்றிவிட்டு ரிசர்வுக்குப் போவான். எழுபதுகளில் அதை நீட்டி, பிறகு பதினேழு வருஷம் ஆக்கினார்கள். பென்ஷனும் உறுதியானது. கார்கில் போருக்குப் பின் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த மறுஆய்வுக் குழு (அவர் நம் திருச்சியில் பிறந்தவர்), பணிக்காலத்தை ஏழு முதல் பத்து வருஷமாகக் குறைத்துப் படையை இளமையாக வைத்திருக்கச் சொன்னது. ஆனால் வெளியே வருகிறவர்களை துணை இராணுவப் படைகளுக்கு மாற்றும் ஏற்பாட்டையும் சேர்த்தேதான் சொன்னது. இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடாதீர்கள்.

2022 ஜூன் 14-ல் அக்னிபாத் அறிவிக்கப்பட்டது. நான்கு வருஷப் பணி. முடிவில் 25 சதவீதம் பேர் வரை தொடரலாம், மற்றவர்கள் வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் வருஷம் 40,000. போகும்போது "சேவா நிதி" சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல். பணியில் இருக்கும்வரை 48 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ்.

ஓடிப் பழகும் நண்பர்கள் இந்த 11.71 லட்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பளத்தில் மாதாமாதம் 30 சதவீதம் பிடிக்கிறார்கள். முதல் வருஷம் கைக்கு வருவது 21,000 மட்டும். நான்கு வருஷத்தில் பிடித்தது 5 லட்சத்து 2 ஆயிரம். அதே அளவு அரசு போடுகிறது. மீதி வட்டி. ஆக, பாதி நம் சொந்தப் பணம். இதைச் சொல்வதால் திட்டம் மோசம் என்று அர்த்தமில்லை. கணக்குத் தெரிந்து போவது நல்லது, அவ்வளவே.

நாட்டின் கணக்குக்கு வருவோம். பென்ஷன் மிச்சமாகும் என்கிறார்கள். எப்போது? பழைய முறையில் 2022-ல் சேர்ந்த சிப்பாய் பென்ஷன் வாங்க ஆரம்பிப்பது பதினைந்து, பதினேழு வருஷம் கழித்து. அப்படியானால் மிச்சமும் அப்போதுதான் தெரியும், 2037-க்கு மேலே. அதுவரை பென்ஷன் பில் ஏறத்தான் செய்யும். ஆனால் பயிற்சி குறைந்த ஆட்கள் என்ற பாதிப்பு இருந்தால் அது இன்றைக்கே வரும். டாங்கி எஞ்சினை நம்பி ஒப்படைக்க ஒரு மெக்கானிக்குக் குறைந்தது நாலைந்து வருஷ அனுபவம் வேண்டும் என்பது சித்தப்பாவின் கட்சி. கை பழகும்போது ஆள் கிளம்பிவிடுவான்.

அதனாலோ என்னவோ 2023-ல் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தவர்கள் தொழில்நுட்பப் பிரிவில் சேர வழி செய்தார்கள். தொழில் ஏற்கெனவே தெரிந்தவனை எடுத்தால் பயிற்சிச் செலவும் காலமும் மிச்சம். அதாவது, நண்பர்களே, அந்தப் பயிற்சிச் செலவை நம் அப்பா அம்மா டிப்ளமோ பீஸாக ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்!

என் கருத்து

குறைக்க இடமே இல்லையா என்றால், உண்டு. லெப்டினன்ட் ஜெனரல் ஷேகட்கர் குழு சண்டைக்கு நேரடியாக உதவாத அமைப்புகளைச் சுருக்கச் சொன்னது. அதன்படி 2017-ல் இராணுவப் பால்பண்ணைகளை மூட முடிவெடுத்தார்கள். 1889-ல் அலகாபாத்தில் தொடங்கிய பண்ணைகள் 2021 மார்ச் 31-ல் மூடப்பட்டன. பாக்கெட் பால் எங்கும் கிடைக்கிற காலத்தில் படைக்கு மாட்டுத் தொழுவம் எதற்கு? இதுபோல ஆபீஸ், டெப்போ, பழைய பிரிவுகள் என்று தேடினால் இன்னும் அகப்படும். ஆனால் மிச்சமாகும் பணம் பொதுக் கஜானாவில் கரைந்துபோகாமல் அந்த 14 ரூபாய் 82 காசில் சேர வேண்டும்.

எல்லோருக்கும் எல்லாமும் ஒரே சமயத்தில் புதிதாக வாங்கவும் வேண்டாம். ரைபிள் விஷயத்தில் இதைச் சரியாகவே செய்தார்கள். 2019-ல் 72,400 சிக்-716 ரைபிள்களை முன்னணியில் நிற்பவர்களுக்கு மட்டும் வாங்கினார்கள். மற்றவர்களுக்கு அமேதி பக்கத்தில் கோர்வாவில் தயாராகும் ஏ.கே.-203, ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே, 2021-ல் சுமார் 5,000 கோடிக்கு ஒப்பந்தம். எதிரியைப் பார்த்து நிற்பவனுக்கு முதலில், மற்றவனுக்குப் பிறகு. கல்யாணப் பந்தியில்கூட நாம் அப்படித்தானே பரிமாறுகிறோம்?

புதுத் தளவாடம் வாங்கும்போதே பத்து வருஷ ஸ்பேருக்கும் பயிற்சிக் குண்டுக்கும் பணத்தைச் சேர்த்து ஒதுக்காத கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பேன். வாங்கும் எண்ணிக்கை குறையும். குறையட்டும். நூறு வாங்கி அறுபது ஓடுவதைவிட எண்பது வாங்கி எழுபத்தைந்து ஓடுவது மேல். இதை மெஷின் ஷாப்பில் ஒருநாள் நின்றவன் யாரும் மறுக்கமாட்டான். டெல்லியில் எத்தனை பேர் ஏற்பார்கள் என்பது வேறு.

அக்னிவீரர் விஷயத்தில், கார்கில் குழு சொன்ன இரண்டாம் பாதியை எழுத்தில் கேட்பது நம் உரிமை என்று நினைக்கிறேன். மத்திய ஆயுதப் படைகளில் பத்து சதவீத இடஒதுக்கீடு என்று 2022-லேயே அறிவித்தார்கள். நூறு பேரில் எழுபத்தைந்து பேர் வெளியே வருகிற இடத்தில் அது எவ்வளவு தூரம் போதும் என்பதை அந்த முதல் அணியினர்தான் காட்டுவார்கள். 2022 கடைசியில் பயிற்சிக்குப் போன அவர்களுக்கு நான்கு வருஷக் கணக்கு 2026 கடைசியில் முடிகிறது. வேலூர்ப் பக்கம், எங்கள் ஊர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் கிராமங்களில் அவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸைவிட்டு இறங்குவார்கள். அவர்களில் டிப்ளமோக்காரர்கள் இருந்தால், எந்த வண்டியில் எத்தனை மாதம் கைவைக்க விட்டார்கள், கேட்ட ஸ்பேர் எத்தனை நாளில் வந்தது என்று நான் நேரிலேயே போய்க் கேட்பதாக இருக்கிறேன்.